ஞாயிற்றுக்கிழமை ரெஸ்டோர்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ரெஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பள நாளன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் டாக்டர் முதல் லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை யாரைக் கேட்டாலும், "ரெஸ்டோர் அக்காவா? எக்ஸ்ரேவுக்குப் பின்னாடி, அந்தக் குளிர்ற ரூம்" என்று கை காட்டுவார்கள். குளிர்கிற ரூம் என்றால் சர்வர் இருக்கும் அறை. மெஷின் சூடாகிவிடக் கூடாது என்று வைத்த ஏ.சி. அவளுடைய முழங்காலைத்தான் முதலில் பதம் பார்த்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அவள் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்குச் சிரிப்பெல்லாம் எப்போதோ வற்றிப் போயிருந்தது.

பெயர் வந்த கதை இதுதான். வாரம் முழுக்க நோயாளிகளின் பெயர், வயது, எழுதிய மருந்து, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை கவுண்ட்டரில் பெயரைத் தட்டினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் விவரம் வந்து நிற்கும். புதன்கிழமை மெஷின் கொஞ்சம் யோசிக்கும். வெள்ளிக்கிழமை ஸ்கிரீனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை வாசல்வரை நீளும், வரிசையில் நிற்கிறவர்கள் கவுண்ட்டர் பெண்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவாள். இருக்கிற அத்தனை விவரங்களுக்கும் பேக்கப் எடுப்பாள், அதாவது ஒரு முழுப் பிரதி. பிறகு மெஷினில் இருப்பதை அழித்துவிட்டு, பிரதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுவாள். அதுதான் ரெஸ்டோர். திங்கட்கிழமை மெஷின் மறுபடி பறக்கும்.

இதை யார் ஆரம்பித்தது என்றால் அதுவும் ஒரு கூத்துதான். ரொம்ப வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் டிஸ்க் செத்துப் போனது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் ஓடிவந்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் கவுண்ட்டர்கள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் ஓடின. அப்போதிருந்த அதிகாரிக்கு ஒரே குஷி. "இதை வாராவாரம் பண்ணினா என்னங்க?" என்று கேட்டார். "தாராளமா பண்ணலாம் சார்" என்றார் கம்பெனிக்காரர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன வந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரப் போவது அவரா? அப்போது பதிவேட்டுப் பிரிவில் டைப் அடித்துக்கொண்டிருந்த அக்காவை அழைத்து, வரிசையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். அதிகாரிகள் மாறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. வருகிற ஒவ்வொரு அதிகாரியும், "நல்லா ஓடிக்கிட்டிருக்கு, ஏன் கை வைக்கணும்?" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

ரெஸ்டோர் என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் ஆகிவிடும். போனை வெளியே காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது அந்த அறையின் விதி. அந்த நேரம் முழுக்கக் கவுண்ட்டர்காரர்கள் அவசரத்துக்கு வருகிற நோயாளிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், நடுவில் விட்டுவிட்டு எழுந்துபோக முடியாது என்பது. பழையது அழிந்திருக்கும், புதியது பாதிதான் ஏறியிருக்கும். ஏதாவது ஒன்று சிக்கி நின்றால் பக்கத்தில் இருந்து பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் பெயரும் இருக்காது.

எல்லாம் ஏறி முடிந்ததும் கடைசியாக ஒரு சின்ன கமாண்ட் உண்டு. "முடிஞ்சதும் இதையும் ஒரு தட்டு தட்டிடுங்க" என்று கம்பெனிக்காரர் போகிற போக்கில் சொன்னது. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் அதற்கு வால் என்று பெயர் வைத்திருந்தாள். வாலைத் தட்டிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் அது முடிந்திருக்கும். நாள் முழுக்க அந்தக் குளிரில் அவள் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த ஒரு டீயைத்தான்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். திங்கள் விடிவதற்குள் கிளம்பினால் சனிக்கிழமை இரவுதான் வீடு திரும்புவார். ஆக, அவர் வீட்டில் இருக்கிற ஒரே பகல் ஞாயிற்றுக்கிழமைப் பகல். அவள் வீட்டில் இல்லாத ஒரே விடுமுறைப் பகலும் அதுதான். "எனக்கு ஒரு பொண்டாட்டி, அவளுக்கு ஒரு மெஷின்" என்று அவர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். "சக்களத்தி மாதிரி ஒரு சக்களத்தன் வந்து வாய்ச்சிருக்கான் எனக்கு, அவனுக்கு ஏ.சி. வேற." ஆரம்பத்தில் அவளும் கூடச் சிரித்தாள். பிறகு பதில் சொல்லவும் அலுப்பாக இருந்தது. சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஒரே மகள். கல்யாணமாகி, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் முதல் தடவை முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. மருமகன் வேலை விஷயமாக வெளியூரில். பக்கத்து வீட்டம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் போன் அடித்து அடித்து, காவலாளி பொறுக்கமாட்டாமல் எடுத்துப் பேசிவிட்டு, கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். அப்போது ரெஸ்டோர் பாதியில் இருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். ஸ்கிரீனைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். முடிகிறவரை உட்கார்ந்தே இருந்தாள். அழுதுகொண்டே வாலையும் தட்டினாள். அன்று டீ குடிக்கப் போகவில்லை, நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, மகள் வார்டில் ஒரு ஓரக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "நடுவுல விட்டுட்டு வர முடியலம்மா. விட்டிருந்தா ஆஸ்பத்திரியே நின்னு போயிருக்கும்" என்றாள் அக்கா. "தெரியும்மா" என்றாள் மகள். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம். எட்டாம் மாதத்திலிருந்து அம்மா கூட இருந்தால் தேவலை என்று டாக்டரே சொல்லியிருந்தாள். அக்கா ஜென்மத்தில் முதல் தடவையாக நீண்ட விடுப்பு கேட்டு நிர்வாக அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். இப்போதிருப்பவர் நல்ல மனுஷர்தான். குரல் உயர்த்தமாட்டார், யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். என்ன, எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

"மூணு மாசமா?" என்றார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை ரெஸ்டோரை யார் பண்ணுவாங்க? ரெண்டு வாரம் விட்டாலே வரிசை ரோட்டுக்குப் போயிடும். அதுக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணிக் காட்டுங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

ஆளைத் தேடினாள். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த இரண்டு பேரும், ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஏதோ கடன்காரனைக் கண்டதுபோல் நழுவினார்கள். ஒருவனுக்கு முதுகுவலி. இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு வந்தது. பேக்கப் எடுத்து முடித்திருந்தாள், பழையதை அழிக்கிற கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. மேஜைமேல் போன் அடித்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு போனை வெளியே கொடுக்கிற விதியை அவள் மதிப்பதில்லை, கேட்கிற தைரியம் காவலாளிக்கும் இல்லை. பேசியது மருமகன்.

"அத்தை, அவளுக்கு வயிறு இறுக்கிப் பிடிக்குதுங்கறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னா."

"நான் கிளம்பிட்டேன் மாப்பிள்ளை" என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை. போன தடவை யோசித்துத்தான் கெட்டாள்.

ரெஸ்டோரை ஆரம்பித்தால்தானே நடுவில் விடுகிற பேச்சு? இந்த வாரம் ரெஸ்டோரே கிடையாது, வெள்ளிக்கிழமை என்ன வருகிறதோ வரட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் விடுமா? வீட்டைப் பூட்டும்போது கை தானாக அடுப்பைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, எழுந்து நின்றபடியே அவள் விரல்கள் வாலைத் தட்டிவிட்டன. அது ஓடி முடிகிறவரை செருப்பை மாட்டி, ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். வாசலிலிருந்து பதிவுக் கவுண்ட்டருக்குப் போன் போட்டு, "முடிஞ்சது, திறந்துக்கோங்க" என்றாள்.

"இவ்வளவு சீக்கிரமாவா அக்கா?" என்று ஆச்சரியப்பட்டாள் கவுண்ட்டர்காரி.

"ஆமா" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் பொய் வலி, ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். அக்கா போனபோது அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "வந்துட்டியா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஆச்சரியம்தான் அக்காவை உலுக்கியது. தன் அம்மா வருவாள் என்று அந்தப் பெண் எதிர்பார்க்கவே இல்லை. அக்கா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

திங்கட்கிழமை காலையில் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தாள். எந்த நேரத்தில் அதிகாரியிடமிருந்து அழைப்பு வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் பதிவுக் கவுண்ட்டர்காரி தலையை நீட்டினாள். வந்துவிட்டது வினை என்று எழுந்தாள் அக்கா.

"இந்த வாரம் என்ன மாயம் பண்ணினீங்க? பேரைத் தட்டறதுக்குள்ள வந்து விழுது. நேத்து காகிதத்துல எழுதற வேலையும் பாதிதான். வாராவாரம் இப்படியே பண்ணுங்க அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் போன பிறகும் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவேளை இன்றைக்குக் கூட்டம் குறைவோ? போய்ப் பார்த்தாள். வரிசை எப்போதும்போல் நீளமாகத்தான் இருந்தது, நகர்ந்துகொண்டும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் உண்மையான மெஷினில் வாலை மட்டும் தட்டினாள். பிறகு, மூலையில் துணி போட்டு மூடிவைத்திருந்த பழைய மெஷினைத் தூசி தட்டி எடுத்து, பேக்கப்பை அதில் ரெஸ்டோர் செய்தாள். வாலைத் தட்டவில்லை. ஒரு நோயாளியின் பெயரைப் போட்டுத் தேடினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டு, ஒரு கொட்டாவியும் விட்டு முடித்தாள், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்றிய உடனே முதல் தடவை தேடினால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், மெஷின் டிஸ்க்கிலிருந்து அப்போதுதான் எடுத்துப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராமல் திரும்பத் திரும்பத் தேடினாள். பயனில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் அது இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

பிறகு வாலைத் தட்டினாள். டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். முடிந்ததும் அதே பெயரைப் போட்டாள். பட்டென்று வந்தது.

நம்ப முடியாமல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து செய்தாள். அதே கதை. பிறகுதான் இன்டர்நெட்டில் தேடினாள். அவளைப் போலவே எங்கெங்கோ குளிர்கிற அறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இதே கேள்வியை எப்போதோ கேட்டு, பதிலும் வாங்கி வைத்திருந்தார்கள். மெஷினுக்குள் விவரங்கள் மட்டும் இருப்பதில்லையாம். எதில் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்று ஒரு மதிப்பீடும் அது வைத்திருக்குமாம். அதை வைத்துத்தான் குறுக்கு வழியில் போவதா, முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதா என்று முடிவு செய்யும். இவள் செய்கிற மாதிரி ரெஸ்டோர் செய்தால் விவரங்கள் திரும்பி வரும், மதிப்பீடு வராது. வால்தான் அதைத் திரும்ப எடுக்கிறது. அழித்த இடங்களில் விழுகிற ஓட்டைகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தினமும் தானாகவே நடக்க வேண்டிய வேலை அது. அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். அந்தத் தானியங்கி வேலையை யாரோ, அநேகமாக அந்தக் கம்பெனிக்காரரேதான், என்றோ ஒருநாள் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஆக ரெஸ்டோர் மெஷினின் ஞாபகத்தைக் கெடுத்தது, வால் அதைச் சரிசெய்தது, பேர் மட்டும் ரெஸ்டோருக்குப் போனது. இத்தனை வருடம் அவள் சாயங்காலம்வரை உட்கார்ந்து மெஷினைக் குழப்பிவிட்டு, டீ குடிக்கிற நேரத்தில் அதைத் தெளியவைத்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்கு ஒரு துளியும் வரவில்லை. வீட்டுக்காரர் தனியாகச் சாப்பிட்ட ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்தில் மகள் மேடையேறிய ஞாயிறு நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்த ஒரு ஞாயிறு. ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. வாராவாரம் வந்து, வாலைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மானம் மிஞ்சும். ஆனால் விடுப்பு கிடைக்காது. ரெஸ்டோர் இருக்கிறவரை ரெஸ்டோர் அக்காவும் இருந்தாக வேண்டுமே. மகளிடம் போக வேண்டுமென்றால், தன் வாயாலேயே தன் உழைப்பை வீண் என்று சொல்லியாக வேண்டும். அவள் போய்ச் சொன்னாள்.

அதிகாரி கீழே இறங்கி வந்து, பழைய மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப ரெஸ்டோர் பண்ணினா வேகம் கூடாதா?"

"கூடாது சார். இன்னும் குறையும். கடைசியில ஓட்டற கமாண்ட்தான் வேகத்தைக் குடுக்குது. அதைத் தினமும் தானா ஓட வெச்சுட்டேன்னா வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமை மாதிரியே இருக்கும்."

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் பண்ணச் சொல்லியிருக்காங்களேம்மா."

"ஆமா சார். நானும் பண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பேக்கப்?" என்றார் கடைசியில்.

"அதையும் தினமும் தானா எடுத்துக்கற மாதிரி வெச்சுடறேன் சார். அது நிக்கவே கூடாது. எடுத்தது சரியா இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பழைய மெஷின்ல ஏத்திப் பார்த்தா போதும். அதை வார நாள்லயே யார் வேணும்னாலும் பண்ணலாம். நடுவுல எழுந்து போனாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர் என்று சொன்னேனே.

பயந்த மனுஷர் என்றும் சொன்னேன். அதனால் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தார். ரெஸ்டோர் இல்லாமலேயே இரண்டு வெள்ளிக்கிழமைகள் வந்துபோயின, வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கவுண்ட்டர் பெண்கள் முதல் வாரம் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் வாரம் மறந்தே போனார்கள். விடுப்புக்குக் கையெழுத்து விழுந்தது. அவ்வளவு பெரிய சடங்கு அவ்வளவு சத்தமில்லாமல் ஒழிந்ததைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

ஊருக்குக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவில், வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டைப் பெருக்கறதுக்கு வாராவாரம் வீட்டையே காலி பண்ணி மறுபடி குடி வந்திருக்க!" என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"விடு" என்றார். "நான் என்ன, ஞாயித்துக்கிழமை பூரா தூங்கித்தான் தீர்த்தேன். நீ இருந்திருந்தா கடைக்குப் போ, பல்பை மாத்துன்னு உசுரை வாங்கியிருப்ப."

ஆட்டோ சிக்னலில் நின்றது.

"ஆனா புள்ளைகிட்ட மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதே" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வேற ஆள் போட்டுட்டாங்கன்னு சொல்லிடு. இந்த நேரத்துல அவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"சொல்லமாட்டேன்" என்றாள். உண்மையாகவே சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மகள் வாசலுக்கே வந்துவிட்டாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது, முகம் உப்பியிருந்தது. பையை வாங்கப் போன மருமகனை அதட்டி, குடிக்கத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள். அவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மருந்து வாங்கக் கடைக்குப் போனார். அம்மாவும் மகளும் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தைக்கென்று தோய்த்துக் காயவைத்திருந்த பழைய துணிகளை மடித்தார்கள்.

"எப்படிம்மா விட்டாங்க? மூணு மாசம்! நம்பவே முடியல. அப்போ ஞாயித்துக்கிழமை யாரு பண்ணுவாங்க?"

"வேற..." என்று ஆரம்பித்தாள் அக்கா. மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. ஆள் போட்டுட்டாங்க என்ற இரண்டு வார்த்தைதான் பாக்கி. கவுண்ட்டர்காரியிடம் கூசாமல் வந்த பொய் இங்கே வர மறுத்தது. "யாரும் பண்ணமாட்டாங்கம்மா. அது தேவையே இல்லையாம். இத்தனை நாளா தெரியாம பண்ணிக்கிட்டிருந்திருக்கேன்."

எப்படி என்று மகள் கேட்டாள். அக்கா சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. மகள் படித்த பெண், சட்டென்று புரிந்துகொண்டாள். மடித்த துணியை மடிமேல் வைத்து, அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் தேவையில்லையாம்மா?"

எந்த அன்றைக்கு என்று அக்கா கேட்கவில்லை.

"தேவையில்ல. பழசை அழிக்காமலே இருந்திருந்தா, அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்கலாம்."

தெருவில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. மகள் அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்மா" என்றாள் மெதுவாக. "அந்தக் கட்டில்ல தனியா படுத்துக்கிட்டு, அம்மாவுக்கு வேற வழியில்ல, வேற வழியில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டேன். இத்தனை நாளும் அதை வெச்சுத்தான் ஓட்டினேன்."

"தெரியும்மா" என்றாள் அக்கா. தெரிந்துதான் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே விளங்கியது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு போர்வையும் தலையணையும் எடுத்தாள். "குடு, நான் விரிச்சுக்கறேன்" என்று அக்கா எழப் போனாள். மகள் கொடுக்கவில்லை. மூச்சு வாங்க வாங்கத் தானே குனிந்து, தன் கட்டிலை ஒட்டி அம்மாவுக்குப் படுக்கையை விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"படும்மா" என்றாள். "பாவம், நீயும் ரொம்பக் களைச்சுப் போயிட்ட."